பூட்டனை மறைத்தவன்

என் குடும்பப் பெயர் திஸ்ஸெரான். புதுச்சேரி வட்டாரத்தில் இந்தப் பெயர் தாங்கிய வீடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எனக்குத் தெரிந்து அத்தனை வீடுகளும் ஒரே மனிதரின் வழிவந்தவை. அந்த மனிதர் என் பூட்டனார். அவர் ஒரு வெள்ளைக்காரர் என்று வாழ்நாளின் பெரும்பகுதி சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிரான்சின் பர்கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர், இங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர் என்றெல்லாம் சொன்னேன். அது பொய். விவரம் தெரியாமல் சொன்னதல்ல, தெரிந்தே சொன்னது. அவர் ஊருக்கு மேற்கே ஒரு சேரியில் பிறந்து, குழித்தறியில் முரட்டுத் துணி நெய்து பிள்ளைகளை வளர்த்த பறையர். நானும் பறையன். இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு எழுபது வயதாக வேண்டியிருந்தது.

பெயரின் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொய்யைக் கட்ட நான் மறைத்த முதல் செய்தி அதுதான். பிரெஞ்சு மொழியில் திஸ்ஸெரான் என்றால் நெசவாளர். நெய்வதைக் குறிக்கும் தெக்ஸெரே என்ற லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சில் திஸ்ஸியே பிறந்தது. அதோடு ஜெர்மானிய மொழியிலிருந்து வந்த ஒரு விகுதி ஒட்டிக்கொண்டு திஸ்ஸெரான் ஆயிற்று. எழுதும்போது கடைசியில் ஒரு 'த' வரும், உச்சரிப்பில் வராது. அந்த எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து நான் செய்த ஒரு காரியத்தைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரான்சில் குடும்பப் பெயர்கள் ஊன்றத் தொடங்கியது பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில். ஊர்ப்பெயர், அப்பன் பெயர், பட்டப்பெயர் எல்லாம் குடும்பப் பெயராயின. செய்த தொழிலும் ஆயிற்று. கொல்லர் வீட்டார் லெஃபேவ்ர், தச்சர் வீட்டார் ஷார்பாந்தியே. நெசவாளருக்கோ வட்டாரத்துக்கு ஒரு பெயர்: திஸ்ஸியே, தெஸ்ஸியே, தெற்கே போனால் திஸ்ஸேர், ஓவெர்ஞ் மலைப்பக்கம் திக்ஸியே. லினன் துணி நெய்தவர்களை வடக்கே தெல்லியே என்றார்கள். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் மிஷேல் லெ தெல்லியேயின் பெயரும் அந்தத் தறியிலிருந்து வந்ததுதான். புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்த 1685ஆம் ஆண்டு ஆணைக்கு முத்திரை வைத்தவர் அவர். தறியில் பிறந்த ஒரு பெயர் அரண்மனை வரைக்கும் போயிருக்கிறது.

ஆனால் அந்தப் பெயர்களைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் அரண்மனையைப் பார்த்தவர்கள் அல்லர். வட பிரான்சில் லினன் நெசவாளர்கள் நிலவறைக்குள் தறி போட்டு நெய்தார்கள். ஈரக்காற்று இல்லாவிட்டால் ஆளிநார் நூல் அறுந்துபோகும் என்பதால் வெளிச்சமில்லாத அறைகளில் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கூலி கட்டாமல் 1831இல் தெருவில் இறங்கினார்கள், 1834இல் மறுபடியும் இறங்கினார்கள். இரண்டு முறையும் பட்டாளம் வந்தது. இங்கே என் பூட்டனார் தரையில் குழி வெட்டி, அதற்குள் கால்களை இறக்கி மிதியை மிதித்து, நாடாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு எறிந்துகொண்டிருந்தார். நான் சொந்தம் கொண்டாடிய பர்கண்டிக்காரர் ஒருவர் உண்மையிலேயே இருந்திருந்தால், அவருடைய பூட்டனும் ஏதோ ஒரு தறியின் முன்னால் முதுகு வளைந்து உட்கார்ந்தவராகத்தான் இருந்திருப்பார். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்தும் பொய்யை விடவில்லை.

இந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதற்கு 1881க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சிந்தியாவில் பிறந்தவர் எந்தச் சாதி, எந்த மதமானாலும், ஆணோ பெண்ணோ, 21 வயது நிறைந்திருந்தால், தம் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். துறந்தது துறந்ததுதான், திரும்பிப் போக முடியாது. மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து வருவார்கள். இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். துறப்பதற்கு எழுதும் பத்திரத்தில் ஒரு கட்டாயம் உண்டு. இனி தாமும் தம் சந்ததியும் தாங்கப்போகிற குடும்பப் பெயரை அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்த மக்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே புதிது. சிலர் தம் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். சிலர் பிரெஞ்சுப் பெயரையே எடுத்தார்கள். முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, புதுச்சேரி வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பியரைப் போலச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக நீதிபதி அவரைத் தடுத்தார். அவர் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வென்று வந்தார். பிறகு அவர் எடுத்துக்கொண்ட பெயர் லா போர்த், அதாவது கதவு. தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்குத் திறந்த கதவு என்று ஊரில் விளக்கம் சொல்வார்கள். அவர் வேளாளர். ஆனால் அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்களில் மிகப் பலர் சேரிக்காரர்களும் கிறிஸ்தவர்களும். மேல்சாதி இந்துக்களின் தலைவராக இருந்த சண்முக வேலாயுத முதலியார் இதை எதிர்த்தார். 1884இல் வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பெயர் மாற்றம் அவ்வளவு பெரிய அரசியலாக இருந்தது.

வேறு பிரெஞ்சுக் குடியேற்றங்களில் இப்படி இல்லை. மர்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், விடுதலையான மக்களுக்குப் பதிவாளர்கள் உட்கார்ந்து பெயர் சூட்டினார்கள். சிலருக்கு ஏளனமான பெயர்கள்கூட விழுந்தன, அவற்றை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சுமக்க வேண்டியதாயிற்று. புதுச்சேரியில் துறப்பவர் தாமே வாய் திறந்து பெயரைச் சொன்னார். இந்த வேறுபாடு எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது. என் பூட்டனாருக்கு வாழ்க்கையில் யாரும் அதிகம் தேர்ந்தெடுக்கக் கொடுத்ததில்லை. பெயரை மட்டும் அவர் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் எங்கள் வீட்டில் இருக்கிறது. பாட்டனார் சைகோனுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்த தகரப் பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மடித்த இடங்களில் தாள் பிரிந்து, பின்பக்கம் காகிதம் ஒட்டியிருக்கிறது. மை பழுப்பாகிவிட்டது. பெயர், தகப்பன் பெயர், ஏறத்தாழ வயது, சாதி வரிசையாக இருக்கின்றன. தொழில் என்ற இடத்தில் சிறிய எழுத்தில் திஸ்ஸெரான். சில வரிகள் கீழே, இனி தாங்கப்போகும் பெயர் என்ற இடத்தில் அதே சொல், இம்முறை பெரிய எழுத்தில் தொடங்கி. முடிவில், அறிவித்தவருக்குக் கையெழுத்திடத் தெரியாது என்று எழுத்தர் குறித்திருக்கிறார்.

எழுத்தர் சோம்பல்பட்டுத் தொழிலையே பெயராக எழுதிவிட்டார் என்று அப்பா நினைத்தார். அத்தை சொன்னது வேறு. "எந்தப் பேரு வேணும்னு தொரை கேட்டாராம். பொறப்பச் சொல்லிக் கூப்பிட்டது போதும், செய்யறதச் சொல்லிக் கூப்பிடுங்கன்னாராம்." அத்தை சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். தஞ்சைப் பக்கமும் வட மாவட்டங்களிலும் எங்கள் மக்களில் நெசவு செய்தவர்கள் உண்டு. கோலியர் என்ற பிரிவே நெசவால் அறியப்பட்டது. நெய்தது மெல்லிய துணி அல்ல, உழைக்கிறவர்கள் கட்டுகிற துணி. பறையர் நெய்தது என்பதற்காக அதை யாரும் கட்டாமல் இருந்ததில்லை. நெய்தவரைத்தான் தெருவுக்குள் விடவில்லை. அந்த மனிதர் பிரெஞ்சு அதிகாரியின் மேசை முன்னால் நின்று, பிறப்பைக் கழற்றிவிட்டு உழைப்பைப் பெயராக்கிக்கொண்டார் என்றால் அதில் எவ்வளவு யோசனை இருந்திருக்க வேண்டும்.

அப்படி அவர் ஈட்டிய பெயரை எடுத்து நான் மறுபடியும் ஒரு பிறப்புப் பெருமை ஆக்கினேன். வேறு ஒரு சாதியாக ஆக்கினேன். என் குற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்.

தொடக்கம் பள்ளிக்கூடத்தில். ஆசிரியர் வருகைப் பதிவில் என் பெயரை வாசித்த நாளில், இடைவேளையில் குழாயடியில் ஒரு பையன் கேட்டான், "உங்க வீட்ல யாருடா வெள்ளைக்காரங்க?" அவனே முடிவு செய்துவிட்டிருந்தான். எனக்கு வேலை, ஆளைச் சொல்வது மட்டும். பூட்டனார் என்றேன். அன்று மாலை அவன் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனான். திண்ணையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி உள்ளே போனேன். அவன் அம்மா அவர்கள் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரிலேயே மோர் கொடுத்தார். அதே தெருவில் இன்னொரு வீட்டு வாசலில் என் அம்மாவுக்குத் தண்ணீரைக் கையில் ஊற்றியதை நான் பார்த்திருந்தேன். அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோதே, நான் சொன்னதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வயதில் சொன்னதை நான் என் மேல் அதிகம் ஏற்றவில்லை. அது ஒரு பிள்ளையின் தாகம்.

ஆனால் பதினெட்டு வயதில், பிரெஞ்சு இராணுவச் சேவைக்கான காகிதங்களுக்காக அப்பா அந்தப் பெட்டியைத் திறந்தார். பத்திரத்தை நானே வாசித்தேன். பிரெஞ்சு எனக்கு அப்பாவைவிட நன்றாக வரும். சாதி என்ற இடத்தையும் வாசித்தேன், இரண்டு திஸ்ஸெரான்களையும் வாசித்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை மடித்துக் கொடுத்தேன், ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பொய் என்று அறிந்து சொன்னது. அதற்கு வயதைக் காரணம் காட்ட முடியாது.

பிரான்சுக்குப் போன பிறகு பொய் வளர்ந்தது. அங்கே என் நிறத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்த்துக் கேட்பார்கள். இங்கே சாதியை மறைக்க உதவிய கதை, அங்கே நான் வந்தேறி அல்ல என்று காட்ட உதவியது. லரூஸ் கலைக்களஞ்சியத்தில் ஒரு நாள் ஃபெலிக்ஸ் திஸ்ஸெரானைக் கண்டேன். 1845இல் பர்கண்டியின் நுயி-சேன்-ஜோர்ஜில் பிறந்தவர், வானியலாளர். தூலூஸ் வான்காணகத்துக்கும் பின்னர் 1892இல் பாரிஸ் வான்காணகத்துக்கும் இயக்குநரானவர். வானியக்கவியல் பற்றி நான்கு பெரிய தொகுதிகள் எழுதி 1896இல் இறந்தார். வால்மீன் ஒன்று வியாழனுக்கு அருகில் போய்ப் பாதை மாறி வந்தாலும் அது பழைய வால்மீன்தானா என்று கண்டுபிடிக்க அவர் தந்த அளவுகோலை இன்றைக்கும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். 1868 ஆகஸ்டில் சூரிய கிரகணம் பார்க்க மலாக்கா தீபகற்பத்துக்கு வந்திருக்கிறார்.

கீழ்த்திசைக்கு வந்தவர் என்ற அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்கு ஒரு தம்பியை நானே உண்டாக்கினேன். அண்ணனோடு கப்பலேறியவர், புதுச்சேரியில் இறங்கியவர், என் பூட்டனார். அப்படி ஒரு தம்பி இருந்ததற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இல்லாத ஒருவரை உண்டாக்கி, இருந்த ஒருவரை இல்லாமல் செய்தேன். விருந்துகளில் இந்தக் கதையை இவ்வளவு விவரமாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன் என்றால், சொல்லும்போது எனக்கே கண் கலங்கும். பொய்க்குக் கலங்கிய அந்தக் கண் உண்மையான பூட்டனாருக்காக ஒரு நாளும் கலங்கவில்லை.

கல்யாணமும் அந்தக் கதையின் மேல்தான் நடந்தது. என் மனைவி சாதிக் கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்தவர்களுக்குள் சாதி உண்டா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊர்ச் சம்பா கோவிலின் வரலாற்றைப் பார்க்கலாம். 1745இல் அங்கே சாதிக்காரரையும் பறையரையும் பிரித்து உள்ளே ஒரு சுவர் நின்றதையும், அதை எடுக்கப்போனபோது எழுந்த சண்டையையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கல்லால் ஆன சுவர் எப்போதோ போய்விட்டது. பெண் கேட்கும்போது வேறு சுவர் எழும்பும். சம்பந்தம் பேச வந்த என் மாமனார், "சட்டைக்காரங்க கலப்புன்னா பரவாயில்ல, வேற எதுவும் இல்லியே?" என்று கேட்டார். "இல்லீங்க மாமா" என்றேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம் பாட்டனைத் தம் மகன் மறுப்பதைக் கேட்டுக்கொண்டு, காபி டம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னிப்பு கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. திட்டியிருப்பேன் என்றே இப்போது தோன்றுகிறது.

எங்கள் மக்களில் எல்லாரும் இப்படி ஒளிந்துகொண்டவர்கள் இல்லை. பூட்டனார் பெயர் மாற்றிய அதே காலத்தில், 1893இல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. இன்னார் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்ளாதவருக்கு உரிமை எப்படிக் கிடைக்கும் என்பது அவர் வாதம். ஒருவர் பெயரை விட்டு மானத்தைத் தேடினார், இன்னொருவர் பெயரைச் சொல்லியே மானத்தைக் கேட்டார். இரண்டும் வீரம் என்றுதான் நினைக்கிறேன். நான் செய்தது இரண்டிலும் சேராது. பெயரை மாற்றியவர் தம் சாதியை ஓர் அதிகாரியின் முன்னால் சொல்லி எழுதவைத்துவிட்டுத்தான் அதைத் துறந்தார். என்னைப் போல ஒளிக்கவில்லை.

இதுவரை சொன்னதில் கெட்டது என் மானம் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இனிச் சொல்லப்போவதில் இன்னொருவர் வாழ்க்கை கெட்டது.

ரெனோன்சான் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இந்தோசீனாவுக்குப் போனார்கள். சுங்கம், காவல், வரி வசூல், கலங்கரை விளக்கம் என்று அங்கே வேலை கிடைத்தது. பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதால் ஐரோப்பியருக்கான சம்பள வரிசையைக் கேட்கவும் முடிந்தது. பூட்டனாரின் இரண்டு மகன்கள் சைகோன் போனார்கள். மூத்தவர் என் பாட்டனார். இளையவரின் மகன், என் அப்பாவுக்குத் தம்பி முறை, சைகோனில் பிறந்தவர். அந்தக் கிளை பிறகு கடலூர்ப் பக்கம் போய்த் தங்கிவிட்டது, ஏழ்மையில் விழுந்தது. நாங்கள் புதுச்சேரியில் இருந்தோம், எழுந்தோம்.

புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லைக்கு வெளியே பிறந்தவர்களில் பலருக்கு எழுதிக் கொடுக்காமலே அது நீடித்தது. சைகோனில் பிறந்த ஒருவர் தமக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதை அறியாமலே செத்துப்போயிருக்கலாம். பேரப்பிள்ளை அதைக் கண்டுபிடித்துக் கேட்கலாம். கேட்க வேண்டுமானால் காகிதம் வேண்டும். சைகோன் பதிவேடுகள் பிரான்சில் நாந்த் நகரத்து அலுவலகத்தில் இருக்கின்றன. பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் சரியாகச் சொன்னால் நகல் வரும்.

2010 வாக்கில், நான் புதுச்சேரிக்குத் திரும்பியிருந்தபோது, அந்தக் கடலூர்க் கிளையிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அவருடைய பள்ளிச் சான்றிதழ். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "பெரியப்பா" என்று கூப்பிட்டார். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. சான்றிதழில் பெயர் திசராண்டு என்று இருந்தது. கடலூர்ப் பள்ளி எழுத்தர்கள் எழுத்தைப் பார்த்து வாசித்தபடி தமிழில் எழுதியிருந்தார்கள். அவரும் அப்படியே உச்சரித்தார்.

"பெரியப்பா, தாத்தா பொறந்த தேதி ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும். நீங்க வச்சிருக்கிற பெட்டியில இருக்கும்னு பாட்டி சொல்லுச்சு. பேரு எழுத்து எப்படின்னும் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்து வைத்துக்கொண்டார்.

பெட்டி அடுத்த அறையில் இருந்தது. இரண்டு சகோதரர் பிள்ளைகளின் பிறப்புச் சான்று நகல்களும் ஒரே கட்டில் இருந்தன. எனக்குத் தேதி மனப்பாடமாகவே தெரியும். நான் சொன்னேன்: "நீங்க தேடி வந்தவங்க நாங்க இல்ல. எங்க பேரு திஸ்ஸெரான், நீங்க சொல்ற பேரு வேற. எங்க பூட்டனார் வெள்ளைக்காரர்."

வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. மனைவி கோவிலுக்குப் போயிருந்தார். யார் முன்னாலும் முகத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கவில்லை. அவருக்கும் உண்மை தெரியும், எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மறுத்தேன். இதை எத்தனையோ இரவு யோசித்துவிட்டேன். வாயில் பழகிய பொய் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதுவல்ல. அவர் உச்சரித்த அந்தக் கடைசி எழுத்து என்னை அருவருக்க வைத்தது. என் பெயர் அவர் வாயில் சேரிப் பெயராக ஒலித்தது. எந்த வெறுப்புக்குத் தப்பிக்கப் பூட்டனார் பெயர் மாற்றினாரோ, அதே வெறுப்போடு அவருடைய கொள்ளுப்பேரன் மகனை அவருடைய பேரனின் மகனான நான் பார்த்தேன். அந்த எழுத்தின் வரலாற்றைப் பிறகுதான் படித்தேன். சொல்லின் முடிவில் முதலில் இருந்தது 'க' ஒலி. வேறு சொற்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் பின்னால் 'த'வைப் போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களே இடம் மாற்றிப் போட்ட ஓர் எழுத்தை ஒலித்ததற்காக நான் என் இரத்தத்தை வாசலோடு அனுப்பினேன்.

அவர் வாதாடவில்லை. பேனாவை மூடினார். "சரிங்க" என்றார். பெரியப்பா என்று சொல்லவில்லை. குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 30-3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. குடும்பம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டிலேயே வாழ்ந்து, தானோ தன் தாய் தகப்பனோ பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்பட்டதற்கு அடையாளமும் இல்லாவிட்டால், வழிவழி வந்த உரிமையை நிரூபிக்கவே அனுமதி கிடையாது. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த ஐம்பது ஆண்டு 2012 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. அவர் என் வாசலுக்கு வந்தபோது இன்னும் நேரம் இருந்தது. நான் தேதியைச் சொல்லியிருந்தால் வழக்கு கட்டாயம் வென்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். போட்டுப் பார்க்கவாவது முடிந்திருக்கும். அந்த வாய்ப்பை ஒரு பெயரின் உச்சரிப்புக்காக நான் பறித்தேன்.

மனைவியிடம் போன ஆண்டுதான் சொன்னேன். பேத்தி பிரான்சில் தன் பள்ளிக்கூடத்தில் வானியலாளரின் தம்பியைப் பற்றிக் கட்டுரை எழுதி, அவர் படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாள். பொய் மூன்றாம் தலைமுறையின் நோட்டுப் புத்தகம் வரைக்கும் போய்விட்டது. மனைவி முழுதும் கேட்டுவிட்டு, "அத்தை சாகறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றார். அதற்கு மேல் அன்று பேசவில்லை. என் மகனுக்குக் கோபம், அது தீரவில்லை. தன் அலுவலகத்திலும் நண்பர்களிடமும் தானும் இதே கதையைச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். அவன் அறியாமல் சொன்னான், நான் அவனைச் சொல்லவைத்தேன். மனைவி வழி உறவினர் இரண்டு குடும்பத்தார் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பேத்திக்கு மட்டும் பத்திரத்தின் படத்தை அனுப்பி, இதுதான் உன் ஆள் என்று எழுதினேன். அவள் அதில் இரண்டு இடத்தில் ஒரே சொல் இருப்பதைத் தானே கண்டுபிடித்துக் கேட்டாள்.

கடலூருக்குக் கடிதம் எழுதினேன். எல்லா நகல்களையும் வைத்து, அன்று சொன்னது பொய் என்றும், அவருடைய தாத்தாவும் என் அப்பாவும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்றும் எழுதினேன். மன்னிக்கும்படி கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. சில வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். காகிதங்களை வழக்கறிஞரிடம் காட்டியதாகவும் காலம் கடந்துவிட்டது என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். குரலில் கோபம் இல்லை, நெருக்கமும் இல்லை. என்னை 'சார்' என்றார்.

"நகல் எங்களுக்கு எதுக்கு சார்? அந்தப் பழைய பத்திரம் இருக்குல்ல, அது எங்க வீட்ல இருக்கட்டும். பாட்டி அதத்தான் கேக்குது."

முறைப்படி அது மூத்தவர் கிளையில் இருக்க வேண்டியது என்று ஒரு நொடி என் மனம் கணக்குப் போட்டது. பிறகு சரி என்றேன். தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் கொண்டுவந்து பாட்டி கையில் கொடுக்க வேண்டும் என்றார். பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். மகனையும் கூட்டிப்போகிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.